போர் போடும் முன் மின்தடைப் படம்: முதல் முறை எடுப்பவர்களுக்கு

பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவது பெரும்பாலும் கடன் வாங்கி ஆடுகிற சூதாட்டம். ஆயிரம் அடி ஓட்டியும் புகைதான் வந்தது என்று சொல்கிற வீடு எல்லா ஊரிலும் உண்டு. அதனால்தான் தேங்காய், வேப்பங்குச்சி வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களைத் தாண்டி "மிஷின் வைத்துப் பார்த்துவிடலாம்" என்று இப்போது பலர் வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். கேட்கிற ஆளுக்கு ஒரு பதில், ஆளுக்கொரு மிஷின், எல்லா மிஷினிலும் ஒரு கலர் படம். எது எதற்கு உதவும் என்று புரிவதற்குள் பெரிய அலைச்சல். அது உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது மின்தடைப் படமெடுப்பு பற்றி மட்டும். தரையில் ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில் எஃகு முளைகளை அடித்துக் கேபிளில் இணைப்பார்கள். இரண்டு முளை வழியாக மின்சாரம் மண்ணுக்குள் போகும். வேறு இரண்டு முளைக்கு நடுவே எத்தனை வோல்ட் வருகிறது என்று கருவி அளக்கும். முளைகளைத் தானே மாற்றி மாற்றி இப்படி நூற்றுக்கணக்கான அளவுகள் எடுக்கும். பிறகு கணினியில் போட்டு, தரைக்கடியில் எந்த இடம் மின்சாரத்தைக் கடத்துகிறது, எந்த இடம் தடுக்கிறது என்று குறுக்குவெட்டுப் படமாக ஆக்குவார்கள். ஈரம் கடத்தும், உப்பு கடத்தும், களிமண்ணும் கடத்தும். காய்ந்த பாறை கடத்தாது. கருவிக்குத் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியாது, அதற்குத் தெரிந்தது தடை ஒன்றுதான். பணம் போகிற இடமெல்லாம் இதை மறந்த இடமாகத்தான் இருக்கும்.

1. என்ன தெரிய வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

"தண்ணி எங்கே இருக்குன்னு பாருங்க" என்று கூப்பிட்டால் அவர்களுக்கு வசதியான மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள். கேள்வியைக் குறுக்குங்கள். மேல் மண்ணும் சிதைந்த பாறையும் எத்தனை அடிவரை இருக்கிறது? அது எந்த இடத்தில் ஆழமாக இறங்குகிறது? பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏதாவது முறிவு ஓடுகிறதா? மண் சரியாமல் இருக்கப் போருக்குள் இறக்கும் கேசிங் பைப் எவ்வளவு இறங்கும்? பழைய கிணற்றைத் தூர் வாரி ஆழப்படுத்தினால் பலன் உண்டா? பண்ணைக்குட்டை வெட்டினால் தண்ணீர் கீழே இறங்குமா, களியில் நிற்குமா?

இவை எல்லாவற்றுக்கும் இந்த முறை நன்றாகப் பதில் சொல்லும். "எண்ணூறு அடியில் கேப் (பாறைப் பிளவு) வருமா?" என்ற கேள்விக்குச் சொல்லாது. காரணம் அடுத்த தலைப்பில்.

2. ஆழத்துக்கும் லைன் நீளத்துக்கும் உள்ள கணக்கு

முளைகள் நிற்கும் கோட்டை லைன் என்பார்கள். எவ்வளவு ஆழம் தெரியும் என்பது கருவியின் விலையை விட லைனின் நீளத்தைப் பொறுத்தது. வென்னர் என்ற வழக்கமான முளை அமைப்பில் லைன் நீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் ஆழம். 48 முளையை 5 மீட்டர் இடைவெளியில் அடித்தால் லைன் 235 மீட்டர். நம்பிப் பார்க்கக்கூடிய ஆழம் சுமார் 40 மீட்டர், அதாவது 130 அடி. 10 மீட்டர் இடைவெளியில் அடித்தால் லைன் 470 மீட்டர், ஆழம் 250 அடிச் சில்லறை. ஆயிரம் அடி பார்க்க வேண்டும் என்றால் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு நேர்கோட்டில் முளை அடிக்க வேண்டும். யாருடைய தோட்டத்தில் நடக்கும்?

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஐந்து ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 142 மீட்டர். மூலைக்கு மூலை இழுத்தாலும் 200 மீட்டர்தான். 235 மீட்டர் லைனே உள்ளே அடங்காது. ஆகவே, உங்கள் ஐந்து ஏக்கருக்குள்ளேயே கேபிளை விரித்துவிட்டு "ஆயிரம் அடிவரை பார்த்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

இன்னொன்று உண்டு, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. படம் முழுச் செவ்வகமாக வராது. லைனின் நடுவில்தான் ஆழம் தெரியும். இரண்டு ஓரமும் மேலோட்டமாகவே நின்றுவிடும், தலைகீழாக வைத்த சரிவகம் மாதிரி. நீங்கள் போர் போட நினைக்கும் இடம் தோட்டத்து மூலையில் இருந்தால், லைன் பக்கத்துத் தோட்டத்துக்குள் போயே ஆக வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று அன்று காலையில் யோசிக்கக் கூடாது.

நுணுக்கமும் ஆழம் போகப் போகக் குறையும். மேலே ஓரிரு மீட்டர் அகல வேறுபாடு தெரியும். நூறு அடியில் பெரிய பரப்பாக இருந்தால்தான் தெரியும். போர் ஓட்டும் ரிக் வண்டிக்காரர்கள் கேப் என்று சொல்கிற, கை அகலப் பாறைப் பிளவு அந்த ஆழத்தில் படத்தில் விழாது. அந்தப் பிளவுகள் கூட்டமாக இருக்கும் முறிவு மண்டலம் விழும். அதைத்தான் தேடுகிறோம்.

3. யாரிடம் போவது

மூன்று வழி. முதலாவது, வேளாண்மைப் பொறியியல் துறை. உங்கள் உபகோட்டத்தின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், பெயரளவுக் கட்டணத்தில் மின்தடைக் கருவி கொண்டு வந்து பார்ப்பார்கள். அங்கே வழக்கமாகச் செய்வது ஒரு புள்ளியை மையமாக வைத்து நான்கு கம்பியை விரித்துக்கொண்டே போகிற ஆய்வு. அந்தப் புள்ளிக்குக் கீழே அடுக்கு அடுக்காக என்ன இருக்கிறது என்று சொல்லும். பக்கவாட்டில் என்ன மாறுகிறது என்று சொல்லாது. சின்னத் தோட்டத்துக்கு, கையில் காசு இல்லாதபோது, இதுவே போதும் என்பது என் கருத்து. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கோடையில் எல்லோரும் மனு கொடுப்பார்கள், வரிசை நீளும்.

இரண்டாவது, பல்கலைக்கழக ஜியாலஜி துறைகள். சேலம் பெரியார் பல்கலைக்கழகம், சென்னை அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இந்தத் துறை இருக்கிறது. மாணவர்களின் ஆய்வுப் பணியோடு உங்கள் நிலம் ஒத்துப்போனால் கதவு திறக்கும். தேதி உங்கள் கையில் இருக்காது.

மூன்றாவது, தனியார். இங்கேதான் கவனம். கலர் படம் தரும் கருவிகளில் முற்றிலும் வேறான இரண்டு வகை புழங்குகிறது. ஒன்று நான் மேலே சொன்னது: பல முளை, நீளமான கேபிள், பேட்டரி, மண்ணுக்குள் மின்சாரம் செலுத்துதல். மற்றது, இரண்டு கம்பியை மட்டும் நட்டு நட்டு நகர்ந்துகொண்டே போவார்கள்; மண்ணுக்குள் எதையும் செலுத்தாது, பூமியில் இயற்கையாகவே இருக்கும் மின்புலத்தை வெவ்வேறு அலைவரிசையில் அளக்கும். அதன் படத்தில் வருவது மில்லிவோல்ட், மின்தடையை அளக்கும் அலகான ஓம்-மீட்டர் இல்லை. ஆழமும் அலைவரிசையிலிருந்து கணக்குப் போட்ட ஆழம். உயர்மின் கம்பி பக்கத்தில் போனால் அதுவும் படத்தில் ஏறிக்கொள்ளும். அந்தக் கருவியால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மின்தடைப் படத்துக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் படத்தை வாங்கி வராதீர்கள். போனிலேயே கேளுங்கள்: "எத்தனை முளை அடிப்பீங்க? இடைவெளி எவ்வளவு? மண்ணுக்குள்ள கரண்ட் விடுவீங்களா?" பதில் தடுமாறினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

4. கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார். துறைக்கு மனு கொடுக்க இவை வேண்டும். தனியாருக்கு எதுவும் வேண்டாம், ஆனால் ஒரு காகிதம் உங்களுக்கே வேண்டும்: புலப்படம். தமிழ்நாடு அரசின் இணைய சேவைத் தளத்தில் பட்டாவோடு சேர்த்து இந்தப் புலப்படத்தையும் (எஃப்.எம்.பி.) எடுக்கலாம். அதில் அளவுகள் மீட்டரில் இருக்கும். ஒரு பென்சிலால் லைனை வரைந்து பார்த்தால் அடங்குகிறதா, யாருடைய சர்வே எண்ணுக்குள் போகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதோடு, இஸ்ரோவின் புவன் தளத்தில் நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடங்கள் இருக்கின்றன. செயற்கைக்கோள் படத்தில் நேர்கோடாக ஓடும் முறிவுகளை அதில் குறித்திருப்பார்கள். உங்கள் ஊர்ப்பக்கம் ஒரு கோடு வடகிழக்காக ஓடுகிறது என்று வையுங்கள், உங்கள் லைன் அதைக் குறுக்கே வெட்ட வேண்டும். முறிவுக்கு இணையாகப் போட்ட லைன் எத்தனை நீளமாக இருந்தாலும் ஒன்றும் காட்டாது. வரப்பு எந்தத் திசையோ அந்தத் திசையில் கேபிளை விரிப்பது வந்தவர்களுக்கு வசதி, உங்களுக்கு நஷ்டம்.

பக்கத்துப் போர்களின் விவரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை அடி, கேசிங் எவ்வளவு, எந்த அடியில் தண்ணி கண்டது, இப்போது எத்தனை இஞ்சு தண்ணி வருகிறது. தோற்றுப்போன போர்தான் நிறையச் சொல்லும். அதைப் பற்றிப் பேச ஆட்கள் தயங்குவார்கள், பொறுமையாகக் கேளுங்கள்.

5. செலவு

எனக்கும் தெரிந்தவர்களுக்கும் தனியார் சொன்ன விலை, ஒரு லைனுக்கு இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் வரை. ஒரு புள்ளி ஆய்வு என்றால் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். விலை ஏறி இறங்குவதற்கு மூன்று காரணம்: வண்டி எங்கிருந்து வருகிறது, ஒரே நாளில் எத்தனை லைன், அறிக்கை எழுதுபவர் யார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே நாளில் வரச் சொன்னால் வண்டி வாடகை பங்காகிவிடும். லைனைப் பக்கத்து நிலத்துக்குள் இழுக்கும் பிரச்சினையும் அதோடு தீர்ந்துவிடும்.

பேசும்போது இவற்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: முளை அடிக்க ஆள் யார் தருவது, சாப்பாடு யார் பொறுப்பு, மழை வந்து பாதியில் நின்றால் மறுநாள் வர எவ்வளவு, அறிக்கைக்குத் தனிக் காசா. முழுப் பணத்தையும் வயலில் வைத்துக் கொடுக்காதீர்கள். பாதி அன்று, மீதி அறிக்கை வந்த பிறகு. "போர் தோற்றால் பணம் வாபஸ்" என்று சொல்பவரிடம் நான் போகமாட்டேன். அளந்து சொல்கிறவரால் அப்படி ஒரு வாக்குக் கொடுக்க முடியாது.

இந்தச் செலவு தகுமா என்று பார்க்கப் போர்ச் செலவை எதிரே வையுங்கள். ஓட்டுக்கூலி அடிக்கு நூறு ரூபாய்க்கு முன்பின்னாக இருக்கிறது, ஆழம் போகப் போக விலையும் ஏறும், கேசிங் தனி. ஆயிரம் அடி என்றால் லட்சத்தைத் தாண்டிவிடும், மோட்டாரும் பைப்பும் அதற்கு மேல். ஆனால் இருநூறு அடிக்குள் சின்னப் போர் போடுகிற இடத்துக்கு, வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால், படம் எடுப்பது வீண் செலவு. துறையின் ஒரு புள்ளி ஆய்வோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

6. எந்த மாதம்

சித்திரை, வைகாசியில் மேல் மண் காய்ந்து கிடக்கும். முளைக்கும் மண்ணுக்கும் நடுவே மின்சாரம் இறங்காது, அளவு தாறுமாறாக வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கேபிள் இணைப்புகளில் ஈரம் ஏறிக் கசியும், வயலுக்குள் நடக்கவும் முடியாது. வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு, தை மாசியில் எடுப்பது நல்லது. மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும், பல தோட்டங்களில் அறுவடையும் முடிந்திருக்கும். கோடையில்தான் எடுக்க வேண்டும் என்றால் தண்ணீர் டிரம்மும் உப்பு மூட்டையும் தயாராக இருக்கட்டும். முந்தின நாள் முழுத் தோட்டத்துக்கும் தண்ணீர் பாய்ச்சி வைக்காதீர்கள். மேலடுக்கு ஒரே ஈரமாகிப் படம் மாறிவிடும். முளை அடிக்கிற இடத்தில் மட்டும் ஊற்றினால் போதும்.

7. முந்தின நாள் வேலை

லைன் போகிற வழியை ஒரு முறை நடந்து பாருங்கள். இரும்பு எங்கே இருக்கிறது என்பதுதான் தேடல். கம்பி வேலி, புதைத்த ஜி.ஐ. பைப், டிரான்ஸ்பார்மர் எர்த், மோட்டார் எர்த்: இவற்றுக்கு இணையாக லைன் ஓடினால் மின்சாரம் இரும்பிலேயே ஓடிவிடும், படத்தில் பொய்யாக ஒரு நீலப் பட்டை (தடை குறைந்த இடம்) விழும். குறுக்கே கடந்தால் பரவாயில்லை, எந்த முளைக்கு அருகில் கடந்தது என்று குறித்து வைத்தால் போதும். சொட்டுநீர்ப் பைப் பிளாஸ்டிக், பிரச்சினை இல்லை.

பன்றிக்குப் போட்ட சோலார் வேலி இருந்தால் நிறுத்திவிடுங்கள். அது நொடிக்கொரு தரம் அடிக்கிற அதிர்வு நேராக அளவில் ஏறும். மும்முனைக் கரண்ட் வரும் நேரத்தைக் கேட்டு வைத்து, சுற்றிலும் உள்ளவர்களிடம் அந்த நேரத்தில் மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். எல்லோரும் நிறுத்தமாட்டார்கள், இரண்டு பேர் நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும்.

அப்புறம், கிணற்றிலிருந்தோ பக்கத்துப் போரிலிருந்தோ ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து அதன் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, பாருங்கள். சில நூறு ரூபாய்க்குப் பேனா மாதிரி மீட்டர் கிடைக்கிறது. மின்கடத்தும் திறனை, அதாவது ஈ.சி.யை, மைக்ரோசீமென்ஸில் காட்டும் மீட்டராக இருந்தால் இன்னும் நல்லது. 10,000ஐ அந்த எண்ணால் வகுத்தால் அந்தத் தண்ணீரின் மின்தடை ஓம்-மீட்டரில் வந்துவிடும். ஈ.சி. 1,000 என்றால் 10 ஓம்-மீட்டர். 2,500 என்றால் 4. படத்தை வாசிக்கும்போது இந்த எண் உங்களுக்குக் கைகொடுக்கும்.

8. அன்று வயலில்

பாதுகாப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். பேட்டரி 12 வோல்ட்தான், ஆனால் கருவி அதை நானூறு, எண்ணூறு வோல்ட்வரை ஏற்றி மண்ணுக்குள் செலுத்தும். அளவு ஓடும்போது யாரும் முளையைத் தொடக் கூடாது. ஆடு மாடுகளைக் கட்டிவிடுங்கள். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை ஒரு ஆளை வைத்துத் தள்ளி நிறுத்துங்கள்.

முளை அடித்து முடித்ததும் கருவி முதலில் ஒவ்வொரு முளையும் மண்ணோடு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று சோதிக்கும். திரையில் கிலோ-ஓம் கணக்கில் வரும். ஒன்று, இரண்டு என்று வந்தால் அருமை. ஐந்து, பத்து என்று ஏறினால் அந்த முளையை இன்னும் ஆழமாக அடித்து உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சுக்கான் கல் இருக்கிற இடத்தில் முளை இறங்காது. கொஞ்சம் தள்ளி அடிக்கலாம், அல்லது பக்கத்தில் இன்னொரு முளை அடித்து இரண்டையும் சேர்த்துக் கட்டலாம். இந்தச் சோதனையைத் தாண்டிக்கொண்டு போவதுதான் வயலில் நடக்கும் பெரிய ஏமாற்று. வேண்டுமென்றே செய்வதில்லை, மணி ஒன்றாகிவிட்டது, வெயில், அடுத்த தோட்டம் காத்திருக்கிறது. நீங்கள் பக்கத்தில் நின்று "இந்த முப்பத்தொண்ணாம் முளை எவ்வளவுங்க காட்டுது?" என்று கேட்டால் போதும், சுத்தியல் எடுத்துக்கொண்டு ஒரு ஆள் போவார்.

எந்த அமைப்பில் அளக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வென்னர் படுக்கை அடுக்குகளை நன்றாகக் காட்டும், இடையூறு குறைந்த தெளிவான அளவு தரும். இருமுனை-இருமுனை அமைப்பு செங்குத்தான முறிவுகளைப் பிடிக்கும், ஆனால் சமிக்ஞை மெலிந்தது, காய்ந்த மண்ணில் திணறும். ஸ்லம்பர்ஜர் இரண்டுக்கும் நடுவே. நம் பாறை நிலத்தில் முறிவுதான் முக்கியம் என்பதால், முளை அடித்தது அடித்ததுதான், அதே லைனில் இரண்டு அமைப்பிலும் ஓட்டச் சொல்லுங்கள். 48 முளை வென்னரில் மொத்தம் 360 அளவு. ஒரு நேரத்தில் ஒரு அளவு மட்டும் எடுக்கும் ஒற்றைச் சேனல் கருவியில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். முளை அடித்துக் கேபிள் விரிக்க அதே அளவு. ஆக ஒரு நாளில் இரண்டு லைன் நியாயம். ஒரே நாளில் ஆறு லைன் என்று சொன்னால் எங்கோ குறுக்கு வழி இருக்கிறது.

லைனின் இரண்டு முனையிலும் நடுவிலும் போனில் ஜி.பி.எஸ். குறித்து, சுண்ணாம்பில் அடையாளம் போடுங்கள், போட்டோவும் எடுங்கள். "வேப்பமரத்துக்குப் பக்கத்துல" என்பது அறிக்கை வரும்போது உதவாது. நிலம் சரிவாக இருந்தால் மேடு பள்ளத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

பழைய கிணறு இருந்தால் ஒரு லைன் அதன் பக்கமாகப் போகட்டும், ஆனால் ஒட்டி வேண்டாம். கிணற்றுச் சுவரில் மண் எங்கே முடிகிறது, உடைகல் எங்கே முடிகிறது, முழுப் பாறை எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கயிற்றில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். படம் சரியா என்று சோதிக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒட்டிப் போனால் கிணற்று வெற்றிடமே படத்தில் விழுந்து குழப்பும். லைனுக்குப் பக்கவாட்டில் உள்ளதும் நேர் கீழே உள்ளது மாதிரி தெரிவது இந்த முறையின் பழைய நோய்.

9. படத்தை வாசிப்பது

எனக்கு வந்த முதல் படத்தைக் காட்டி, எடுத்தவர் சொன்னது: "நீலம் எல்லாம் தண்ணிங்க, சிவப்பு எல்லாம் பாறைங்க." அப்படியானால் தோட்டத்தின் கரிசல் பகுதி முழுக்கக் கடலாக இருக்க வேண்டும்.

நிறத்தை விட்டுவிட்டுக் கீழே உள்ள எண் அளவைப் பாருங்கள். நம் பக்க நைஸ், சார்னோகைட் பாறை நிலத்தில் பொதுவாக இப்படி இருக்கும்: 10, 15 ஓம்-மீட்டருக்குக் கீழே என்றால் களி அல்லது உப்புத் தண்ணீர். 20 முதல் 100 வரை நீர் ஊறிய சிதைந்த பாறை. சில நூறு என்றால் பிளவுபட்ட பாறை. ஆயிரத்தைத் தாண்டினால் முழுப் பாறை. எல்லைகள் ஒன்றோடொன்று மேவும். அதனால்தான் முந்தின நாள் தண்ணீரை அளக்கச் சொன்னேன். தண்ணீரே 10 ஓம்-மீட்டர் என்றால், அதை உறிஞ்சி வைத்திருக்கும் உடைகல் அதைவிடப் பல மடங்கு கூடுதலாகத்தான் இருக்க வேண்டும், கல் கடத்தாது என்பதால். படத்தில் அந்த இடம் 6 என்று காட்டினால் அங்கே களி இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். களியில் தண்ணீர் இருக்கும், கொடுக்காது.

தேட வேண்டிய வடிவங்கள் இரண்டு. ஒன்று, பாறையின் மேல்முகம் கிண்ணம் மாதிரி இறங்கும் இடம். அங்கே சிதைந்த பாறை தடிமனாக இருக்கும், கிணற்றுக்கும் ஆழம் குறைந்த போருக்கும் அதுவே நல்ல இடம். மற்றது, சிவப்பு பாறைக்கு நடுவே மேலிருந்து கீழாகப் பிளந்துகொண்டு போகும் குறைந்த தடைப் பட்டை. அது படத்தின் அடிவரை போனால், அதற்குக் கீழேயும் தொடர வாய்ப்பு உண்டு. வாய்ப்புதான், படம் நின்ற இடத்துக்குக் கீழே அறிக்கையில் எதையாவது எழுதியிருந்தால் அது ஊகம். இணையான இன்னொரு லைனிலும் அதே பட்டை நேர்கோட்டில் விழுந்தால் நம்பிக்கை கூடும். ஒரே லைனை வைத்துப் போர் முடிவு எடுக்க நான் தயங்குவேன்.

பிழை விகிதம் என்று ஒரு எண் படத்தின் மேலேயே அச்சாகியிருக்கும், ஆர்.எம்.எஸ். என்று. 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 10ஐத் தாண்டினால் காரணம் கேளுங்கள். இதிலும் ஒரு தந்திரம் உண்டு. பொருந்தாத அளவுகளை எல்லாம் நீக்கிவிட்டால், அல்லது கணினியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், பிழை தானாகக் குறையும். ஆகவே எத்தனை அளவு நீக்கினார்கள், எத்தனை சுற்று ஓட்டினார்கள் என்று கேளுங்கள். மூன்று முதல் ஐந்து சுற்று வழக்கம்.

எல்லா லைனுக்கும் ஒரே நிற அளவுகோல் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக நிறத்தைப் பிரித்துக்கொள்ளும். ஒரு படத்தில் 40 நீலம், மற்றதில் 400 நீலம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

10. கையில் வாங்க வேண்டியவை

அச்சடித்த படம் மட்டும் போதாது. கருவியிலிருந்து வந்த மூல டேட்டா ஃபைலைப் பென் டிரைவில் வாங்குங்கள். தயங்குவார்கள், பாக்கிப் பணம் அதற்காகத்தான் கையில் இருக்கிறது. அந்த ஃபைல் இருந்தால் வேறொருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கலாம். ரெஸ்ஐபை, பைஜிம்லி போன்ற இலவச மென்பொருள்களும் இருக்கின்றன; வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு ஓட்டிவிடுவார்கள். அதோடு லைன் முனைகளின் ஜி.பி.எஸ்., முளை இடைவெளி, அமைப்பின் பெயர், நீக்கிய அளவுகளின் எண்ணிக்கை, சிபாரிசு செய்யும் புள்ளிகள் லைனின் எத்தனையாவது மீட்டரில் என்ற விவரம் இவையெல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும். வயல் வேலை முடிந்து ஒரு வாரத்தில் அறிக்கை கேட்பது நியாயம். அன்று மாலையே தருகிறேன் என்றால் படம் மட்டும்தான் வரும், யோசனை வராது.

11. ரிக் வண்டியைக் கூப்பிடும் முன்

ஊராட்சியில் அனுமதி வாங்குங்கள். உச்ச நீதிமன்றம் 2010இல் தந்த வழிகாட்டுதலின்படி, போர் போடுவதற்கு 15 நாள் முன்பாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஓட்டும் நிறுவனம் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். போர் போடும் இடத்தில் பலகையும் தடுப்பும் வைக்க வேண்டும். படம் வந்த கையோடு திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குப் போன் போட்டுவிடுகிறோம், இந்த 15 நாள் கணக்கு அப்போது இடிக்கும். லைன் எடுக்கும் தேதி முடிவானதுமே மனுவை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வண்டிக்காரரோடு விலை பேசும்போது உங்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்: கேசிங். பாறை 60 அடியில் என்று படம் சொன்னால், 150 அடி கேசிங் இறக்கியதாகப் பில் வரும்போது கேள்வி கேட்கலாம். ஓட்டும்போது ஒவ்வொரு ராடுக்கும் வெளியே வரும் தூளை ஒரு பிடி எடுத்து வரிசையாகச் சாக்கில் வைக்கச் சொல்லுங்கள். மண் முடிந்த அடி, கல் நிறம் மாறிய அடி, ஈரம் வந்த அடி எல்லாவற்றையும் எழுதி, படத்தை எடுத்தவருக்கும் அனுப்புங்கள். அடுத்த தோட்டத்துக்கு அவர் போகும்போது அது உதவும்.

படம் தெரிந்த ஆழம்வரை ஓட்டியும் ஒன்றும் வரவில்லை என்றால், "இன்னும் நூறு அடி பார்க்கலாங்க" என்று பேச்சு வரும். அந்த நூறு அடியைப் பற்றிப் படத்தில் ஒன்றும் இல்லை, பக்கத்துப் போர்களின் தாளில்தான் இருக்கிறது. எங்கே நிறுத்துவது என்று முன்னாலேயே வீட்டில் பேசி ஓர் எண்ணை முடிவு செய்து வையுங்கள். தோற்றால் அன்றே மூடி போடுங்கள்: கேசிங் வாயில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங், அல்லது மண்ணும் கல்லும் போட்டு மேல்வரை நிரப்புதல். சாக்குப் பையைக் கட்டி வைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போகாதீர்கள்.